அட்வான்ஸைத் திருப்பிக் கேட்காமல் காலி செய்தவர்

ஊருக்கு வெளியே ஒரு ஷெட்டோ குடோனோ வைத்துக்கொண்டு, வாடகைக்கு ஆள் தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். செங்குன்றத்தைத் தாண்டி அப்பா எனக்கு விட்டுப்போன ஷெட் ஒன்று இருக்கிறது. சிமெண்ட் ஷீட் கூரை, பின்னால் கொஞ்சம் மண் தரை, ஓரத்தில் ஒரு கிணறு. நான் இருப்பது கோவையில். பழைய கம்ப்யூட்டர், டிவி வாங்கிப் பிரித்து விற்கும் ஒருவர் அதில் மூன்று வருடத்துக்கு மேல் வாடகைக்கு இருந்தார். அவர் போன பிறகு அந்த இடத்தை மறுபடி மனிதர்கள் நடமாடும் இடமாக மாற்ற எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடமும் ஐந்தரை லட்சம் ரூபாய்க்கு மேலும் ஆனது. அந்த நேரத்தில் விவரம் தேடினால், உலகத்தில் எத்தனை கோடி டன் மின்னணுக் கழிவு சேருகிறது என்ற கணக்கு கிடைத்தது. பழைய மின்னணுப் பொருட்களைப் பிரிக்கும் டெல்லி சீலம்பூர் சந்துகளின் புகைப்படங்கள் கிடைத்தன. என் கொல்லையில் மூடி போட்டு நிற்கும் நீல பேரலை என்ன செய்வது என்று மட்டும் எங்கும் இல்லை. கேட்ட ஆட்களுக்கும் தெரியவில்லை.

அவர் ஒரு புரோக்கர் மூலம் வந்தார். சென்னையில் கடை இருக்கிறது, அலுவலகங்களில் கழிக்கும் கம்ப்யூட்டர்களை மொத்தமாக எடுத்துச் சரிசெய்து விற்கிறோம் என்றார். ஆதார் நகல், 11 மாத ஒப்பந்தம், 1,20,000 ரூபாய் அட்வான்ஸ், மாதம் 22,000 வாடகை என எல்லாம் முறையாகவே நடந்தது. ஒப்பந்தத்தில் பயன்பாடு என்ற இடத்தில் "பழைய பொருட்கள் சேமிப்பு" என்று இருந்தது. ஒன்றாம் தேதி வாடகை வந்துவிடும். முதல் வருடம் உள்ளே இருந்ததெல்லாம் அடுக்கி வைத்த சி.பி.யு.க்களும் பிரிண்டர்களும்தான். பிறகு டிவி வர ஆரம்பித்தது. நம் ஊரில் பழைய டிவிக்கா பஞ்சம்? 2006இல் தொடங்கிய இலவசக் கலர் டிவித் திட்டத்தில் மட்டும் ஒன்றரைக் கோடிக்கும் மேல் 14 அங்குல டிவிகள் வீடுகளுக்குப் போயின. எல்லாம் பிக்சர் டியூப் வைத்தவை. தட்டை டிவி வந்ததும் அத்தனையும் பரண் ஏறி, அங்கிருந்து காயலான் கடைக்கு இறங்கின. அந்தக் கடைகளில் இருந்து கணிசமான பங்கு என் ஷெட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பின்னால்தான் புரிந்தது.

நான் அங்கே போகும்போதெல்லாம் முதல் நாளே சொல்லிவிட்டுத்தான் போவேன், குடித்தனக்காரருக்கு அந்த மரியாதை தரவேண்டும் இல்லையா. அதனால் போகும்போது எல்லாம் பெருக்கி அடுக்கி இருக்கும். பக்கத்து வீட்டுப் பாட்டிதான் ஒரு நாள் போனில், "ஏம்மா, ராத்திரியானா ரப்பர் கருகுற நாத்தம் தாங்கல, புள்ளைங்க இருமுது" என்றார். குடித்தனக்காரரிடம் கேட்டால், "குப்பையக் கொளுத்துறாங்கக்கா பசங்க, சொல்லி வைக்கிறேன்" என்றார். நின்றுவிட்டது போலவும் இருந்தது. உண்மையில் எரிப்பது பின்னிரவு இரண்டு மணிக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

காலி செய்யும்போது அவர் எனக்குப் போன் செய்யவில்லை. சாவியை முனை டீக்கடையில் கொடுத்துவிட்டு, "வேற இடம் பாத்துட்டோம்" என்று ஒரு குரல்பதிவு அனுப்பினார். கடைசி இரண்டு மாத வாடகை பாக்கி. அட்வான்ஸில் கழித்துக்கொண்டு மீதியைக் கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவே இல்லை. எழுபத்தாறாயிரம் ரூபாயைக் கேட்காமல் ஒரு வியாபாரி போகிறார் என்றால், அதைவிடப் பெரிய செலவு ஒன்றை அங்கே விட்டுவிட்டுப் போகிறார் என்று பொருள். இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்தபோது ஒரு பக்கச் சுவர் முழுக்க, இடுப்பு உயரத்துக்கு உடைந்த பிக்சர் டியூப் கண்ணாடி. அதன் உட்பக்கம் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. மற்றொரு மூலையில் டிவியின் பிளாஸ்டிக் முதுகுகள், டோனர் டப்பாக்கள், உடைந்த டியூப்லைட்கள், ஃப்ரிட்ஜ் கதவுக்குள் இருக்கும் மஞ்சள் நுரை. பின்னால் மண் தரையில் இரண்டு இடங்களில் கருகிய வட்டம். காலால் கிளறினால் மயிரிழை போலச் செம்புக் கம்பிகள். கிணற்றை ஒட்டி ஒரு தொட்டி, நான்கைந்து பேரல், மூடியில்லாத கேன்கள். தொட்டியைச் சுற்றி சிமெண்ட் தரை பச்சை நீலமாகச் சாயம் ஏறி, விரல் வைத்தால் உதிர்ந்தது. ஷீட்டைத் தாங்கும் இரும்புக் கம்பிகள் அந்தப் பக்கம் மட்டும் துருவேறித் தகடு தகடாகக் கழன்றிருந்தன. ஆசிட் ஆவி செய்யும் வேலை அது. அன்றைக்கு எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, ஒரு மாதிரி அருவருப்பு. அப்பா அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பார்.

அந்த வாரமே ஒரு பையன் வந்தான். இருபது வயதுக்குள்தான் இருக்கும், உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்தவன், தட்டுத்தடுமாறித் தமிழ் பேசினான். முதலாளி எங்கே என்று கேட்டு வந்திருந்தான். அவனுக்கும் இன்னும் சிலருக்கும் கடைசிக் கூலி பாக்கி. நான் ஏமாந்தேன் என்றால் அவன் என்னைவிட மோசமாக ஏமாந்திருந்தான். அவனுக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்து, ஒரு நாள் கூலியும் கொடுத்து, எது என்ன என்று காட்டச் சொன்னேன். இந்தத் தொழிலைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவன் சொன்னது.

வேலை செய்யும் பாகம் எதுவும் இங்கே உடைபடாது அக்கா, என்றான். ஓடுகிற ராம், ஹார்டு டிஸ்க், கரண்ட் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி எல்லாம் செகண்ட் ஹேண்டு கடைகளுக்குப் போகும். செத்துப்போன மதர்போர்டுகளை ரகம் பிரித்து மூட்டை கட்டி லாரியில் வடக்கே அனுப்புவார்கள். சீலம்பூர், மொராதாபாத் என்ற பெயர்களை அவன் நம்மவர்கள் திருப்பூர், சிவகாசி என்று சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னான். மூட்டையில் போகாத மட்டமான போர்டுகளை இங்கேயே அடுப்பில் வாட்டி, ஈயம் இளகியதும் தட்டிச் சிப்புகளைப் பொறுக்குவார்கள். அந்த இளகும் ஈயம் காற்றிலும் போகும், கையிலும் ஒட்டும். டிவி வந்தால் டியூபின் கழுத்தில் சுத்தியலால் ஒரே அடி. கழுத்தைச் சுற்றியிருக்கும் 'யோக் காயில்' என்ற கம்பிச் சுருள் கழன்று வரும், அதில்தான் செம்பு. கண்ணாடி அப்படியே சுவரோரம். ஒயரை உரிக்க நேரம் இல்லாததால் கொளுத்துவார்கள். ஒயரின் மேலுறை பி.வி.சி. அது எரிந்தால் டையாக்சின் வகை நஞ்சுகள் உண்டாகும். சென்னை, டெல்லி, மும்பை, கொல்கத்தா நகரங்களில் இப்படிப் பிரிக்கும் இடங்களின் மண்ணை எடுத்துப் பார்த்த ஆய்வுகளில் அவை பதிவாகியிருக்கின்றன.

ஆசிட் வேலை கடைசி வருடம் தொடங்கியதாம். தெரிந்தவர் என்று ஒருவர் வந்து, போர்டிலேயே தங்கம் எடுக்கலாம் என்று சொல்லி ஆரம்பித்துவைத்திருக்கிறார். ஆசையில் தப்பு சொல்ல முடியாது. ஒரு டன் கம்ப்யூட்டர் போர்டில் 200 கிராம் வரை தங்கம் இருக்கும் என்கிறார்கள். தங்கச் சுரங்கத்துக் கல்லில் ஒரு டன்னுக்குச் சில கிராம் கிடைத்தாலே தோண்டுவார்கள். ஆனால் அந்தத் தங்கத்தைக் கரைக்க நைட்ரிக் ஆசிட்டும் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்டும் கலந்த திராவகம் வேண்டும். கரைத்து வடித்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் செம்பு, ஈயம், நிக்கல் எல்லாம் இருக்கும். அதை எங்கே கொட்டினார்கள் என்றேன். அவன் கிணற்றோரத்து மண்ணைக் காட்டினான்.

இந்தத் தொழிலின் கணக்கு எனக்கு அங்கேதான் பிடிபட்டது. செம்பு, அலுமினியம், இரும்பு, போர்டு இவற்றுக்கு விலை உண்டு. கண்ணாடி, நெருப்புத் தடுப்பு மருந்து கலந்த பிளாஸ்டிக், நுரை, ஆசிட் சேறு இவற்றுக்கு விலை இல்லை. எடுத்துப்போக நாம்தான் காசு கொடுக்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் இந்தச் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே லாபம் வருகிற பாதியை எடுத்துக்கொண்டு, செலவு வைக்கிற பாதியை ஒரு வாடகை இடத்தில் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு நகர்வது. அட்வான்ஸ் பணம் அவருக்கு ஒரு குப்பைக் கட்டணம் மாதிரி, அதுவும் ரொம்ப மலிவான கட்டணம். அவர் கெட்டவர் என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. பக்கத்துப் பேட்டையில் இன்னொருவர் இருந்தாலும் இதே கணக்குதான் போடுவார்.

சரி, இனி நான் செய்ததையும் இப்படி மாட்டிக்கொண்டால் நீங்கள் செய்யவேண்டியதையும் சொல்கிறேன். முதலில் எதையும் நகர்த்தாதீர்கள், பெருக்காதீர்கள். எனக்கு முதலில் தோன்றியதே ஆள் வைத்துக் கூட்டித் தள்ளிவிடலாம் என்பதுதான். காய்ந்த நிலையில் துடைப்பம் போட்டால் அந்தக் கண்ணாடிப் பொடியும் ஈயத் தூசியும் மூச்சில்தான் போகும். பிக்சர் டியூபின் பின்பக்கப் புனல் கண்ணாடியில் ஈயம் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் இருக்கும். உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைப் பொடியும் நல்லதல்ல. துணி முகக்கவசம் இதற்கு உதவாது. எல்லாவற்றையும் தேதி தெரியும்படி படமும் வீடியோவும் எடுங்கள், ஒவ்வொரு பேரலின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டையும் சேர்த்து. பிறகு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். "வாடகைத் தகராறு, சிவில் மேட்டர்" என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாடகையைப் பற்றிப் பேசாமல், அபாயமான ரசாயனத்தை விட்டுவிட்டுப் போயிருக்கிறார் என்பதை முதல் வரியில் எழுதிக் கொடுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளருக்கு அதே படங்களோடு, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் எழுதுங்கள்.

புகார் கொடுத்தால் நம் தலையிலேயே விடியுமோ என்ற பயம் எனக்கு இருந்தது. அதற்குக் காரணமும் உண்டு. 2016ஆம் வருட அபாயக் கழிவு விதிகள் பொறுப்பை யார் மேல் வைக்கின்றன என்று பார்த்தால், அந்த இடமும் கழிவும் யார் கட்டுப்பாட்டில் இருக்கிறதோ அவர் மேல். சாவி கையில் வந்த நிமிடத்திலிருந்து அது நான்தான். அதனாலேயே முதலில் எழுதிக்கொடுப்பவர் நாமாக இருக்கவேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் புகார் கொடுத்து அதிகாரி வந்து பார்க்கிற நிலையும், நாமே தெரிவித்து வழி கேட்கிற நிலையும் ஒன்றல்ல. என்னிடம் வக்கீல் வாங்கிய பணத்துக்கு இந்த ஒரு யோசனை போதும்.

ஆசிட் கேன்களைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் உயிர் சம்பந்தப்பட்டது. தெரிந்த ஒரு பிளம்பர், "சுண்ணாம்பைக் கொட்டுங்க மேடம், செத்துப்போயிடும்" என்றார். இன்னொருவர், எல்லாவற்றையும் ஒரே பேரலில் ஊற்றிவிட்டால் ஒரே நடையில் போய்விடும் என்றார். இரண்டுமே செய்யக்கூடாதது. கடுமையான ஆசிட்டில் சுண்ணாம்போ சோடாவோ சட்டென்று போட்டால் கொதித்துத் தெறிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, தங்கம் எடுப்பவர்கள் சிலர் சயனைடும் பயன்படுத்துவார்கள். சயனைடு கரைசலில் ஆசிட் சேர்ந்தால் வரும் வாயு ஆளைக் கொன்றுவிடும். எந்தக் கேனில் என்ன என்று தெரியாதவரை ஒன்றோடொன்று கலக்காதீர்கள், மூடியைத் திறந்து முகர்ந்தும் பார்க்காதீர்கள். அந்தப் பையன் எது ஆசிட், எது கழுவின தண்ணீர், எது சேறு என்று ஒவ்வொன்றாகக் காட்ட, நான் சாக்பீஸால் எழுதிவைத்தேன். இங்கே சயனைடு வந்ததில்லை என்றும் சொன்னான். அவன் வந்திருக்காவிட்டால் ஒவ்வொரு கேனுக்கும் தனித்தனியாகப் பரிசோதனை செய்யவேண்டியிருந்திருக்கும்.

கண்ணாடிக்குத்தான் ரொம்ப அலைந்தேன். பதிவுபெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியலை எடுத்து வரிசையாகப் போன் செய்தேன். "போர்டு இருக்கா?" என்பதுதான் முதல் கேள்வி. இல்லை, கண்ணாடி என்றதும் பேச்சு குறைந்துவிடும். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, மறுசுழற்சி செய்பவர் தயாரிப்பு நிறுவனங்களுக்குச் சான்றிதழ் விற்றுப் பெறும் வருமானம் அவர் மீட்டெடுக்கும் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றை வைத்துக் கணக்கிடப்படுகிறது. கண்ணாடிக்கு அங்கேயும் மதிப்பு இல்லை. முறைப்படி தொழில் செய்பவரிடம் போனாலும் என் ஷெட்டில் கிடந்தது வேண்டாத பொருள்தான். கடைசியில் ஒரு நிறுவனம் கிலோவுக்கு 15 ரூபாய் வாங்கிக்கொண்டு எடுத்துக்கொள்ள ஒப்புக்கொண்டது, ஏற்றும் கூலி தனி. இங்கே கவனிக்கவேண்டியது: அவர்கள் காட்டும் பதிவுச் சான்றில் நிறுவனத்தின் பெயர், செல்லுபடியாகும் தேதி, என்ன பொருளுக்கு அனுமதி என்று மூன்றையும் பாருங்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையப் பட்டியலிலும் அதே பெயர் இருக்கவேண்டும். சும்மா சேகரித்துக் கைமாற்றிவிடுபவர்களும் தங்களை மறுசுழற்சி நிறுவனம் என்றே சொல்லிக்கொள்வார்கள். எடை மேடை ரசீதும், பெற்றுக்கொண்டதற்கான கடிதமும் இல்லாமல் வண்டியைக் கிளப்பவிடாதீர்கள். நாளைக்கு அந்தக் கண்ணாடி வேறெங்காவது கொட்டப்பட்டுக் கிடந்தால் உங்கள் கையில் இருக்கும் அந்தக் காகிதம்தான் பேசும்.

இதற்கு நடுவில் குட்டி யானை லோடு வண்டி ஓட்டும் ஒருவர், ஆறாயிரம் கொடுத்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஏரிப்பக்கம் கொட்டிவிடுவதாகச் சொன்னார். பொய் சொல்லாமல் சொன்னால் ஒரு இரவு முழுக்க அதைப் பற்றி யோசித்தேன். கண்ணாடிக்கே ஐம்பதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், இவர் ஆறாயிரத்தில் முடிக்கிறார். அந்தப் பக்கத்து ஏரிகளிலிருந்துதான் சென்னைக்குக் குடிநீர் போகிறது என்பது தெரியாதவளும் இல்லை. மறுநாள் அவருடைய எண்ணை அழித்துவிட்டேன். எல்லா இடத்திலும் இப்படி ஒரு ஆள் வருவார், விலையும் ரொம்ப நியாயமாகத்தான் தெரியும்.

சேறு, ஆசிட், மேல்மண் ஆகியவை கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயக் கழிவு மையத்துக்குப் போயின. என் விஷயத்தில் வாரியத்தின் கடிதம் கேட்டார்கள். மாதிரி எடுத்துப் பார்த்த பிறகுதான் கட்டணம் சொன்னார்கள், வண்டியும் அதற்கென்று அனுமதி பெற்ற வண்டியாக இருக்கவேண்டும். நேரம் எடுத்தது இங்கேதான். மண் பரிசோதனைக்கு, ஆய்வகங்களுக்குத் தேசிய அளவில் அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். சான்று உள்ள ஆய்வகமாகப் பாருங்கள். எரித்த வட்டத்தில் மட்டும் எடுக்காமல், தள்ளிப்போய் வேலியோரத்திலும், தொழில் நடக்காத பக்கத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். அந்தச் சுத்தமான பக்கத்து எண் இல்லாவிட்டால் மற்ற எண்ணெல்லாம் அதிகமா குறைவா என்றே தெரியாது. ஈயம் மழையோடு சட்டென்று கீழே இறங்காது, பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். ஆகவே மொத்த இடத்தையும் தோண்டத் தேவையில்லை. சோதனை காட்டிய இடங்களில் ஒரு அடி ஆழத்துக்கு மண் எடுத்தோம். வீடுகள் இருக்கும் இடத்து மண்ணில் ஈயம் ஒரு கிலோவுக்கு 400 மில்லிகிராம் தாண்டினால் கவனிக்கவேண்டும் என்று வைத்திருந்த எல்லையை அமெரிக்கச் சூழல் முகமை 2024இல் 200 ஆக இறக்கியது. என் இடத்தில் எரித்த வட்டத்தின் எண் அதைப்போலப் பல மடங்கு. கிணற்றுத் தண்ணீரில் ஈயம் நம் குடிநீர்த் தரம் சொல்லும் லிட்டருக்கு 0.01 மில்லிகிராமுக்குள் இருந்தது, ஆனாலும் அதை இப்போது யாரும் குடிப்பதில்லை.

பாட்டியின் பேரன் எங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் வந்து விளையாடுகிறவன். அவனுக்கு ரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னேன், செலவை நான் ஏற்றுக்கொண்டேன். டெசிலிட்டருக்கு 7 மைக்ரோகிராம் வந்தது. உலகச் சுகாதார அமைப்பு 5 தாண்டினாலே காரணத்தைத் தேடி நிறுத்தச் சொல்கிறது. குழந்தைகளுக்கு இவ்வளவு வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்றும் சொல்கிறது. மருத்துவர் பயமுறுத்தவில்லை. மண்ணில் விளையாட விடாதீர்கள், சாப்பிடுமுன் கை கழுவுங்கள், இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் குறையாமல் பாருங்கள் என்றார். அந்தப் பக்கம் போட்டிருந்த கீரைப் பாத்தியையும் எடுக்கச் சொன்னார். சில மாதம் கழித்துப் பார்த்தபோது குறைந்திருந்தது. வேலைக்கு இருந்த அந்தப் பையனிடமும் பரிசோதிக்கலாம் வா என்றேன். "தெரிஞ்சு என்ன பண்றது அக்கா, வேலை இதானே" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போது அவன் வேறொரு குடோனில் இதே வேலையைத்தான் செய்கிறான்.

2022இல் உலகம் முழுக்கச் சேர்ந்த மின்னணுக் கழிவு 6.2 கோடி டன் என்றும், அதில் முறையாகச் சேகரித்து மறுசுழற்சி ஆனதாகப் பதிவானது 22.3% மட்டும் என்றும் ஐ.நா. அறிக்கை சொல்கிறது. மீதியில் கணிசமான பங்கைக் காயலான் கடைக்காரரும் அந்தப் பையன்களும்தான் தெருத்தெருவாகப் போய் எடுக்கிறார்கள். அவர்கள் எடுக்காவிட்டால் அதுவும் குப்பைமேட்டுக்குத்தான் போகும். அதனால் இந்தத் தொழிலே கூடாது என்று என்னால் சொல்ல முடியவில்லை. கானா நாட்டில் அக்ரா நகரின் அக்பொக்புளோஷி சந்தையை 2021இல் இடித்தார்கள். தொழில் நின்றுவிடவில்லை, அக்கம்பக்கத்துக்குச் சிதறியது. என் ஷெட்டிலிருந்து போனவரும் எங்கோ ஒரு ஷெட்டில்தான் இருப்பார். பிரிப்பதும் பொறுக்குவதும் நடக்கட்டும், எரிப்பதும் ஆசிட்டும் மட்டும் அங்கே நடக்காமல் இருந்தால் என் செலவில் முக்கால்வாசி வந்திருக்காது.

செலவுக் கணக்கு கேட்பீர்கள், சொல்லிவிடுகிறேன். கண்ணாடி 52,000. கும்மிடிப்பூண்டிக் கட்டணமும் வண்டியும் 1,40,000. ஆய்வகம் 34,000. ஆசிட் ஊறிய தரையைப் பெயர்த்துப் புதுசாகப் போட்டது 1,60,000. புது மண் 28,000. வக்கீல் 25,000. மொத்தம் 4,39,000, அட்வான்ஸ் போக 3,19,000 (பாக்கி இருந்த இரண்டு மாத வாடகையை இதில் சேர்க்கவில்லை). அதோடு இடம் சும்மா கிடந்ததில் போன ஏறக்குறைய ஒரு வருட வாடகை. இரண்டும் சேர்த்துத்தான் ஐந்தரை லட்சத்துக்கு மேல் என்றேன். கோவைக்கும் சென்னைக்கும் அலைந்த ரயில் செலவை எழுதி வைக்கவில்லை.

இப்போது சென்ட்ரிங் பலகை வைத்திருப்பவருக்கு விட்டிருக்கிறேன். ஒப்பந்தத்தில் "சேமிப்பு" என்ற பொதுவான வார்த்தையை எடுத்துவிட்டு, என்ன பொருள் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறேன். எரித்தல், ஆசிட் பயன்பாடு, பொருளை உடைத்தல் கூடாது. முன்னறிவிப்பு இல்லாமல் பகலில் வந்து பார்க்க உரிமையாளருக்கு உரிமை உண்டு. காலி செய்யும்போது இருவரும் சேர்ந்து பார்த்துக் கையெழுத்திட்ட பிறகே சாவி கைமாறும் என்று வரிகள் இருக்கின்றன. பழைய கம்ப்யூட்டர்க்காரருக்கே விடுவதானால் அவருடைய பதிவுச் சான்று நகலை இணைக்கச் சொல்லுங்கள். பதிவு இல்லாமல் மறுசுழற்சித் தொழில் செய்ய விதி இடம் தருவதில்லை. தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். எதிரே இருக்கும் கடைக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் எண் உங்களிடம் இருக்கட்டும். ராத்திரி நாற்றம், பழுப்பு நிறப் புகை, பச்சை நீலக் கறை, ஒரு பக்கம் மட்டும் துருப்பிடிக்கும் இரும்பு இந்த நான்கில் ஒன்று தெரிந்தாலும் அன்றைக்கே போய்ப் பாருங்கள்.

பணத்தைத் திரும்பப் பெற வழக்குப் போட்டிருக்கிறேன். மாசுபடுத்தியவரே செலவை ஏற்கவேண்டும் என்ற கொள்கையை நம் நீதிமன்றங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன. 2025 ஜூலையில் மாசுபட்ட இடங்களுக்கென்றே மத்திய அரசு தனி விதிகளும் கொண்டுவந்தது. ஆனால் ஆள் கிடைத்தால்தானே? ஆதாரில் இருந்த முகவரிக்கு அனுப்பிய வக்கீல் நோட்டீஸ் "முகவரிதாரர் இல்லை" என்ற தபால்காரரின் குறிப்போடு திரும்பி வந்தது. ஆத்திரத்தில் அந்த உறையைக் கிழிக்கப் போனேன், வக்கீல் தடுத்தார். பிரிக்காத உறையும் அதன் மேலிருக்கும் அந்தக் குறிப்பும், நாம் முறையாக அனுப்பினோம் என்பதற்கு நீதிமன்றத்தில் காட்டும் ஆதாரம். அப்படித் திரும்பி வந்தால் அப்படியே பத்திரப்படுத்துங்கள். குரல்பதிவையும் போனை மாற்றுவதற்கு முன்னால் வேறிடத்தில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.